நானூற்றுப் பதினேழின் கொழுந்து

எனெலெஸி நக்கும்வா எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பெயர் கொடுத்தது 1985 நவம்பர் 18, திங்கட்கிழமை. அன்று பதினோரு பேர் பெயர் கொடுத்தார்கள். அவள் ஏழாவதாக நின்றாள். தோட்டத்தின் பதிவேடும் நிறுவைப் புத்தகமும் எழுதும் நான் வயது கேட்டேன். "பெரிய வெள்ளம் வந்த வருஷம் நான் நடக்க ஆரம்பிச்சேனாம் ஐயா" என்றாள். எந்த வெள்ளம் என்று கேட்டதற்கு, "அம்மாவுக்குத்தான் தெரியும், அவங்க செத்துட்டாங்க" என்றாள். இருபத்திரண்டு என்று எழுதி, பக்கத்தில் 'உத்தேசம்' என்று குறித்தேன். அவளுக்குக் கொடுத்த எண் 236. பெண்கள் பதிவேடு, பருவகாலத் தொழிலாளி, பச்சை அட்டை.

அவள் கணவன் வைசன் முஹியே நான்கு ஆண்டுகளுக்கு முன்பே வந்தவன். எண் 417, ஆண்கள் பதிவேடு, நிரந்தரம். நிரந்தரக்காரர்களுக்கு அட்டை கிடையாது, எண் பொறித்த தகர வில்லை. தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் வீடும் அந்த வில்லைக்குத்தான். எங்கள் லோம்வே மக்களிடையே கல்யாணமானால் ஆண்தான் பெண்ணின் ஊருக்குப் போய்க் குடியிருப்பான். வீடும் நிலமும் தாய்வழியில் பெண்ணுக்கு வரும். தோட்டத்துக்குள் நுழைந்ததும் அது தலைகீழாகிவிடும். எனெலெஸியின் அம்மா விட்டுப்போன நிலம் நான்கு பாத்தி. அதை மூன்று அக்காள்கள் பங்கிட்டிருந்தார்கள். அதனால் அவள் கணவனின் லயத்துக்கு வந்தாள்.

கொழுந்துக்குக் கூலி ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுதான். கிலோவுக்கு இத்தனை தம்பாலாக் காசு என்று நிறுவைக் கொட்டகைச் சுவரில் எழுதிப் போட்டிருக்கும். அதைப் பார்த்துவிட்டுத் தலைநகரத்திலிருந்து வந்த ஓர் அம்மாள், "இங்கே வித்தியாசமே இல்லையே" என்று மகிழ்ந்துபோய்க் குறிப்பெழுதிக்கொண்டதும் உண்டு. வருடக் கடைசி போனஸ் சுவரில் எழுதப்படுவதில்லை. ஆண்கள் பதிவேட்டில் நிறுத்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஆறு தம்பாலா. பெண்கள் பதிவேட்டில் இரண்டு. நிரந்தரத்துக்கும் பருவகாலத்துக்கும் உள்ள வித்தியாசம் அது, ஆண் பெண் வித்தியாசம் அல்ல என்று அலுவலகத்தில் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். நிரந்தரத்தில் ஒரு பெண்கூட இல்லை என்பது என் பதிவேட்டிலேயே இருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

வைசன் நல்ல மனிதன். மெலிந்த உடம்பு, மழைக்காலத்தில் இருமல். கடைத்தெரு மாமரத்தடியில், பல்லாங்குழி மாதிரியான பாவோப் பலகையைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்திருந்தால் அதில் ஒருவன் வைசன். குழிகளில் விதையைப் போட்டுக்கொண்டே ஆள்களைச் சிரிக்க வைப்பான். போனஸ் வாங்கியதும் நேரே கடைக்குப் போய் மனைவிக்கு இடுப்பில் சுற்றிக்கொள்ள ஒரு சித்தெஞ்சேத் துணி எடுத்து, மீதியை அப்படியே அவள் கையில் கொடுப்பான். அவள் லயத்து வாசலில் முட்டி போட்டு, கைதட்டி நன்றி சொல்வாள். 1991 டிசம்பரில் அதை நானே பார்த்தேன். இப்படி ஒரு கணவன் வேண்டுமே என்று பக்கத்து வீட்டுப் பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

1996 அக்டோபரில் கம்பெனியிடமிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. பெண்களையும் நிரந்தரமாக்கலாம், ஆனால் மூன்று பருவங்களின் சராசரி நாளொன்றுக்கு முப்பத்தைந்து கிலோவுக்குக் குறையக் கூடாது என்றிருந்தது. அட்டவணை தயாரிக்கும் வேலை எனக்கு வந்தது. கொழுந்து பறிக்கும் ஆண்கள் 212 பேர், சராசரி 38.6. பெண்கள் 188 பேர், சராசரி 19.3. சரிபாதி. நான்கு முறை கூட்டிப் பார்த்தேன், மாறவில்லை.

அந்த அட்டவணையில் ஒன்று எனக்குப் புரியவில்லை. கல்யாணமாகாத பெண்களும், நெடுநாளாக விதவைகளாக இருப்பவர்களும் நாற்பது, நாற்பத்தைந்து என்று பறித்தார்கள். ஒரு பெண்ணுக்குக் கல்யாணமான மறுமாதமே அவள் கணக்கு பாதியாகிவிட்டது. அதே மாதம் அவள் கணவனின் கணக்கு ஏறியது. கல்யாணம் பெண்ணின் விரலைத் தளர்த்தி ஆணின் விரலை வேகப்படுத்துகிறதா? வீட்டு வேலைச் சுமையால் பெண்ணுக்குக் களைப்பு, குடும்பப் பொறுப்பால் ஆணுக்கு ஊக்கம் என்று நானாக ஒரு காரணம் கண்டுபிடித்து அடிக்குறிப்பில் எழுதினேன். துணை மேலாளர் நியாம்பாலோ அதைப் படித்துவிட்டு, "பிரமாதம் லிக்கோங்வே. போனஸ்ல ஏன் வித்தியாசம்னு இனி யாரும் நம்மளக் கேக்க முடியாது" என்றார். 188 பெண்களில் தேறியவர்கள் ஐந்து பேர். எனெலெஸியின் சராசரி 17.4. அவள் பெயர் பட்டியலில் இல்லை.

வைசன் 1997 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை மிஷன் ஆஸ்பத்திரியில் இறந்தான். நிரந்தரத் தொழிலாளி இறந்தால் குடும்பம் அறுபது நாளுக்குள் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். ஏப்ரல் 10 என்று கெடு எழுதி, அந்தக் கடிதத்தை எனெலெஸியிடம் நானே கொடுத்தேன். அவளுக்கு ஒரே மகள், லிம்பிக்கானி, நாலு மைல் தள்ளியிருக்கும் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாவது படித்தாள். வீடு போனால் படிப்பும் போகும். எனெலெஸி கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதுல எழுதியிருக்கிறத மகள் படிச்சுச் சொல்லுவா" என்று மட்டும் சொன்னாள்.

எங்கள் வழக்கப்படி, ஒருவன் இறந்தால் அவன் அக்காள் மகன் அவனுடைய பெயருக்குள் புகுவான். அதன்பின் இறந்தவனுடைய கடன், உறவு, மரியாதை எல்லாம் அவனுக்கு. தோட்டமும் அந்த வழக்கத்தை ஒத்துக்கொண்டு, பெயரோடு வில்லையையும் வீட்டையும் கொடுத்துவந்தது. இறந்தவன் மனைவிக்கு அதில் இடமில்லை. வைசனின் அக்காள் மகன் லாக்சன், இருபத்தாறு வயது, பலோம்பேயில் சைக்கிள் பழுது பார்ப்பவன். மார்ச் 24-ஆம் தேதி வில்லையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மலையில் இறங்கினான். நாள் முழுக்கப் பறித்துக் கொண்டுவந்தது 9.7 கிலோ.

"417-ஆ இது?" என்றார் மேஸ்திரி காசியானோ, கூடைக்குள் தலையை விட்டு. "தம்பி, உங்க மாமா இத்தனைய டீ குடிக்கிற நேரத்துல பறிப்பாரு."

"எண்ண எடுத்துக்கிட்டேன் அண்ணே, விரல எடுத்துக்க மறந்துட்டேன்" என்றான் லாக்சன், கைக் கீறல்களை ஊதிக்கொண்டே.

வரிசையில் நின்ற டோரிக்கா என்பவள், "விரலு எங்கயும் போகல தம்பி, லயத்துலயே இருக்கு" என்றாள். பெண்கள் வரிசை முழுவதும் சிரித்தது. எனெலெஸி மட்டும் சிரிக்கவில்லை. எதற்குச் சிரித்தார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. 9.7 என்று எழுதிவிட்டு அடுத்த எண்ணைக் கூப்பிட்டேன்.

அந்த வாரம் வைசனின் கோப்பை மூடுவதற்காக ஆஸ்பத்திரிச் சீட்டுகளை அடுக்கினேன். 1996 மார்ச் 4 முதல் 12 வரை ஒன்பது நாள் படுக்கையில் இருந்ததாக ஒரு சீட்டு. என் நிறுவைப் புத்தகத்தில் அந்த ஒன்பது நாளில், ஞாயிறு போக, எட்டு நாளும் 417-க்குக் கொழுந்து ஏறியிருந்தது. ஒரு நாள் 39, ஒரு நாள் 41. தேதியை நான்தான் மாற்றி எழுதிவிட்டேனோ என்று பயந்து முன்னும் பின்னும் ஒரு மாதம் சரிபார்த்தேன். பிழை இல்லை. ஆஸ்பத்திரிக்கு ஆள் அனுப்பிக் கேட்டேன். அவர்கள் தேதியிலும் பிழை இல்லை. படுக்கையில் கிடந்த மனிதன் மலையில் கொழுந்து பறித்திருக்கிறான்.

ஏப்ரல் 2, புதன்கிழமை மத்தியானம் எனெலெஸி கொட்டகைக்கு வந்து, ஒரு முட்டியை மடித்துத் தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஐயா, என்ன நிரந்தரம் பண்ணச் சொல்லிக் கேக்கப் போறேன். என் கணக்கப் பாத்துச் சொல்லுங்க."

"பார்க்கவே வேண்டாம்மா. 236, பதினேழு புள்ளி நாலு. முப்பத்தஞ்சு வேணும்."

"417-ஐயும் சேத்துப் பாருங்க."

"அது உன் புருஷன் கணக்கு."

"அவரு எண்ணு. பறிச்சது நானு."

"என்ன சொல்ற? என் புத்தகம் தப்புன்னா?"

"தப்புன்னு யாரு சொன்னா? நான் கூடையக் கொண்டுவந்து வெச்சு 417-ன்னு சொன்னேன். நீங்க 417-ன்னு எழுதுனீங்க. பதினோரு வருஷமா அப்படித்தான். 236-ன்னு சொன்னா போனஸ் ரெண்டு, 417-ன்னு சொன்னா ஆறு. அதே கொழுந்துதானே ஐயா? மூணு கூடைய அவருக்குப் போடுவேன், கடைசி ஒண்ணு ரெண்ட என் அட்டையில போடுவேன். என் பேர அடிச்சிடாம இருக்க."

"இது உன் ஒருத்தி வேலையா?"

அவள் என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் இரக்கம் இருந்தது. "புருஷன் இருக்கிற எல்லாரும்தான். உங்களுக்குத் தெரியும்னு நெனச்சோம். தெரிஞ்சும் ஒண்ணும் சொல்லாம இருக்கீங்க, நல்ல மனுஷன்னு பேசிக்குவோம்."

எண்ணைச் சொல்பவர் யார் என்று நான் தலையைத் தூக்கிப் பார்த்ததில்லை. பார்க்க வேண்டியது தராசு முள்ளை என்று இருந்துவிட்டேன்.

"அப்போ டிசம்பர்ல அவனுக்கு எதுக்கு முட்டி போட்டு நன்றி சொன்ன?" என்று கேட்டேன். ஏன் அதைக் கேட்டேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

"பணத்தக் கொண்டாந்தது அவருதானே ஐயா" என்றாள். அவளுக்கு அதில் எந்தக் குழப்பமும் இருந்ததாகத் தெரியவில்லை.

வாய்ச்சொல்லை வைத்துப் புத்தகத்தை மாற்ற முடியாது. ஆனால் புத்தகத்தில் ஒரு பத்தி இருந்தது. கூடைக்கு இரண்டு கிலோ கழித்துக்கொள் என்பது கம்பெனி விதி. கூடைக்குக் கூடை எடை மாறும் என்பதால் 1979 முதல் ஒவ்வொரு வெற்றுக் கூடையையும் நிறுத்து எழுதி, அந்த எடையைக் கழித்துவந்தேன். வைசனின் கூடை 1.9. எனெலெஸியின் கூடை அடி கிழிந்து, லாரி டயரில் வெட்டிய பட்டையால் கட்டப்பட்டது, 3.1 கிலோ. அந்த எடையில் தோட்டத்தில் வேறு கூடை கிடையாது. ஏப்ரல் 5, 6 இரண்டு நாளும் உட்கார்ந்து மூன்று பருவத்தையும் எண்ணினேன். 417-இல் 3,208 நிறுவைகள். அவற்றில் 2,461-இல் வெற்றுக் கூடை 3.1. நாளுக்கு மூன்று கூடை, அவள் சொன்ன கணக்குதான். இரண்டு எண்ணிலும் இருந்ததைக் கூட்டி வகுத்தால், எனெலெஸி நாளொன்றுக்குப் பறித்தது 53.6 கிலோ. தோட்டத்தில் ஆணிலும் பெண்ணிலும் அதற்கு மேல் யாருக்கும் இல்லை.

செய்தி எப்படிப் பரவியதோ, திங்கட்கிழமை காலை டோரிக்காவும் எட்டுப் பத்துப் பெண்களும் என் மேசையைச் சுற்றி நின்றார்கள்.

"ஐயா, அந்தக் கூடைக் கணக்க மேல காட்டப் போறீங்களாமே?"

"அவளுக்கு வீடு போகுதேம்மா."

"அவளுக்கு ஒரு வீடு போகுது. காட்டுனா எங்க எல்லாருக்கும் போகும். அடுத்தவங்க எண்ணுல நிறுத்தா ரெண்டு பேரையும் வெளிய அனுப்பணும்னு விதி இருக்குல்ல? நீங்கதானே படிச்சுக் காட்டுனீங்க?"

"நீங்க உங்க எண்ணுலயே போட்டிருந்தா இன்னிக்கு எல்லாரும் நிரந்தரமாயிருப்பீங்களே."

"சுற்றறிக்கை போன அக்டோபர்ல வந்துச்சு. எம்புள்ளைங்களுக்கு அதுக்கு முன்னாடியே பசிச்சுதே."

பின்னாலிருந்து ஒருத்தி, "இனிமே என் எண்ணுலயே போடறேன்னு வையுங்க ஐயா. மூணு வருஷத்துக்குக் கிலோவுக்கு நாலு தம்பாலா நட்டம். அத யாரு தருவா, நீங்களா?" என்றாள். இன்னொருத்தி, "ஐயா தருவாரு, பாதி தம்பாலாவக்கூட விடாம எண்ணித் தருவாரு" என்றாள். சிரித்துக்கொண்டே கலைந்தார்கள். எனெலெஸியைத் தேடினேன். அவர்களோடு வரவில்லை. மலையில் இருந்தாள்.

காட்டினால் அவளுக்கு நியாயம் கிடைக்குமா, அவளையே வெளியேற்றுவார்களா? காட்டாவிட்டால் வியாழக்கிழமை வீடு போகும். எப்படிக் கூட்டினாலும் ஒரு விடை வரவில்லை.

புதன்கிழமை துணை மேலாளரே கூப்பிட்டார். 417 ஏன் பத்துக் கிலோவில் நிற்கிறது என்று அவருக்கு எரிச்சல். ஏப்ரலில் கொழுந்து காட்டில் முற்றிக்கொண்டிருந்தது. லாக்சனும் எனெலெஸியும் ஏற்கெனவே அறையில் நின்றார்கள்.

"உங்க மாமா நாப்பத்தேழு. நீ பத்து. ஏன்யா?" என்றார் நியாம்பாலோ.

லாக்சன் எனெலெஸியைப் பார்த்தான். "அத்தைகிட்ட கேளுங்க சார். எனக்குச் சைக்கிள் செயின் மாட்டத்தான் தெரியும்."

"417 நான்தான் சார்" என்றாள் எனெலெஸி.

நியாம்பாலோ என் பக்கம் திரும்பினார். கூடைப் பத்தியைக் காட்டினேன். மறைக்க எனக்குத் தெரியவில்லை. அவர் விரலால் வரிகளைத் தடவிக்கொண்டே வெகுநேரம் படித்தார்.

"இது எத்தன ஜோடி, லிக்கோங்வே?"

"எண்ணல சார். எண்ணினா நூத்தி நாப்பதுக்குக் குறையாது."

"எண்ணாதீங்க. ஏப்ரல்ல நூத்தி நாப்பது ஜோடிய அனுப்பிட்டு நானும் என் சம்சாரமும் போய்ப் பறிக்கிறதா?" புத்தகத்தை மூடினார். பிறகு லாக்சனைக் கேட்டார். "உங்க வழக்கத்துல பேருக்குள்ள புகுறது ஆம்பிளைதான் புகணுமா?"

"பொம்பளை புகுந்து நான் பாத்ததில்ல சார். கூடாதுன்னு யாரும் சொல்லியும் கேட்டதில்ல."

"அப்போ இவங்க புகட்டும். 417-க்கு வீடு இருக்கு, நிரந்தரம் இருக்கு, ஆறு தம்பாலா இருக்கு. எனக்கு அம்பது கிலோ வேணும். முடிஞ்சது."

"சார், அவங்க பேர்ல, அவங்க எண்ணுலயே நிரந்தரம் கொடுத்தா..." என்று ஆரம்பித்தேன்.

"அவங்க எண்ணுல பதினேழு புள்ளி நாலுன்னு எழுதுனது யாரு?"

நான் புத்தகத்தை எடுத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 13, ஞாயிற்றுக்கிழமை லயத்து முற்றத்தில் சடங்கு நடந்தது. வைசனின் தாய்மாமன் பலோம்பேயிலிருந்து வந்திருந்தார். மாவைக் கையில் எடுத்தவர், யார் தலையில் தூவுவது என்று இரண்டு முறை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். லாக்சன் வில்லையைக் கழற்றி எனெலெஸி கழுத்தில் போட்டான். பாரம் இறங்கிய முகம் அவனுக்கு.

"அத்தை, இனிமே உங்கள நான் மாமான்னுதான் கூப்பிடணும், தெரியுமில்ல?"

"உதைபடுவ."

"மாமாவும் இப்படித்தான் சொல்வாரு. சரியான ஆளுதான் புகுந்திருக்கு!"

முற்றம் சிரித்தது. லிம்பிக்கானி சிரிக்கவில்லை. "அம்மா, அப்போ எனக்கு நீ அம்மாவா, அப்பாவா?" என்று நிஜமாகவே கேட்டாள். தாய்மாமன் மதுக்குடுவையைக் கேட்டு வாங்கினார்.

மறுநாள் ஆண்கள் பதிவேட்டில் 417-க்கு நேராக எனெலெஸி நக்கும்வா என்று எழுதினேன். அந்தப் பதிவேட்டில் பால் என்று தனிப் பத்தி கிடையாது, மேல்விளிம்பில் 'ஆண்கள்' என்று அச்சடித்திருக்கும், அவ்வளவுதான். அன்று அவள் பறித்தது 55.2. அடுத்த டிசம்பர் 19-ஆம் தேதி முழுக் கணக்குக்கும் ஆறு தம்பாலா வீதம் போனஸ் அவள் கையிலேயே கிடைத்தது. கைநாட்டு வைத்துவிட்டு நோட்டுக் கட்டைப் பார்த்தபடி நின்றாள்.

"என்னம்மா, குறையுதா?"

"இல்ல ஐயா. வீட்டுக்குப் போய் இத யாருகிட்ட வாங்கிக்கிறதுன்னு யோசிக்கிறேன்."

அந்த ஆண்டு அட்டவணையில் ஆண்களின் சராசரி ஏறியது. பெண்களின் சராசரி இறங்கியது. மற்ற மனைவிமார் வழக்கம்போல் கணவன் எண்ணிலேயே நிறுத்தினார்கள். 'இடைவெளி மேலும் கூடியுள்ளது, போனஸ் விகிதத்தை மாற்றத் தேவையில்லை' என்று நியாம்பாலோ எழுதினார். அட்டவணையின் ஒவ்வொரு எண்ணும் புத்தகத்தோடு ஒத்துப்போனது.

ஒரு வேலை மட்டும் மீதி இருந்தது. 236-ஐ மூட வேண்டும். மூடும் காரணமாக மூன்றைத்தான் எழுதலாம்: இறப்பு, விலகல், நீக்கம். மூன்றும் பொருந்தவில்லை. நிறுவை முடிந்து போகிறவளைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

எனெலெஸி கூடையை இறக்கி வைத்தாள். "மூடுனா அந்தப் பதினோரு வருஷம்?"

"அதோட முடிஞ்சது."

"அப்போ மூடாதீங்க ஐயா. அது இருக்கட்டும். நான் அங்கதான் பேரு கொடுத்தேன்."

திறந்திருக்கும் எண்ணுக்கு ஒவ்வொரு நாளும் எடை எழுதியாக வேண்டும். வராதவர்களுக்குச் சுழியம். 2004 ஜூன் 30-ஆம் தேதி நான் ஓய்வு பெறும்வரை 236-க்கு நேராகச் சுழியம் எழுதினேன். மாதக் கடைசியில் பெண்களின் சராசரி போடும்போது அந்தச் சுழியத்தையும் சேர்த்து வகுத்தேன். வேறு எப்படி வகுப்பது என்று எனக்குத் தெரியவில்லை.